இரைப்பை நோயும் பற்றீரியாவும்: நோய்க்காரணம் பற்றிய ஒரு நோக்கு

தோற்றுவாய்

வயிற்றெரிவு, நெஞ்சுக்கரிப்பு, உண்டபின் தோன்றும் வயிற்றுநோவு ஆகியவற்றை எம்மக்கள் ‘காஸ்ரிக்’ என்னும் ஒரே பெயரால் வழங்குவர். நேரந்தவறி உண்டமை, உறைப்பு மிகுந்த கறி, வெறுந்தேநீர், ஓயாத மனக்கவலை என்பன அதற்குரிய காரணங்களெனக் கூறப்படும். இக்காரணங்கள் தம்முள் வேறுபட்டனவாயினும் ஒரு பொதுப்பண்பை உடையன. நோயின் பொறுப்பை அவை நோயாளியின் மீதே சுமத்துகின்றன. அவன் உண்ட முறை பிழை, வாழ்ந்த முறை பிழை, அவனது சுபாவமே பிழை என்பது அவற்றின் உட்கிடை.

இந்நோக்கு பாமர மக்களுக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவத்துறையும் ஏறத்தாழ இதனையே விஞ்ஞான மொழியிற் கூறிவந்தது. 1982 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ஒரு பற்றீரியா வளர்த்தெடுக்கப்பட்டதோடு அந்நோக்கு ஆட்டங்காணத் தொடங்கியது. இன்று ஹெலிக்கோபக்ரர் பைலோரி என வழங்கும் அப்பற்றீரியா உலக மக்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினரின் இரைப்பையில் வாழ்கின்றது. அது எவ்வாறு தொற்றுகின்றது, எவ்வாறு நோயை விளைவிக்கின்றது என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். ஒரு நோய்க்குரிய கிருமி கண்டுபிடிக்கப்பட்டதும் அந்நோயின் காரணம் பற்றிய வினா முற்றுப்பெற்றுவிடுகின்றதா என ஆராய்தல் இரண்டாவது நோக்கமாகும்.

அமிலக் கோட்பாடு

இரைப்பையின் சுவரிலுள்ள சுரப்பிகள் ஐதரோகுளோரிக்கமிலத்தையும் புரதங்களைச் சமிபாடடையச் செய்யும் பெப்சின் என்னும் நொதியத்தையும் சுரக்கின்றன. இச்சாறு இறைச்சியைக் கரைக்கவல்லது. ஆயின் அது இரைப்பையின் சுவரைக் கரைப்பதில்லை. சுவரின் மேற்பரப்பைப் போர்த்தியுள்ள சீதப்படலமும், அதனுட் சுரக்கப்படும் இருகாபனேற்றும், விரைவாகப் புதுப்பிக்கப்படும் மேலணிக் கலங்களும் அதனைக் காக்கின்றன. இக்காப்புக் குலைந்து சுவர் அரிக்கப்படும்போது புண் தோன்றுகின்றது. அது இரைப்பையிலோ, அதனையடுத்துள்ள முன்சிறுகுடலிலோ தோன்றலாம்.

1910 ஆம் ஆண்டில் கார்ல் சுவார்ட்ஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், அமிலமில்லாத இடத்திற் புண்ணுமில்லை என்ற கருத்தை முன்வைத்தார். அது பெருமளவிற்கு உண்மையே. ஆனால் அமிலம் இன்றியமையாதது என்பதிலிருந்து அமிலமே காரணம் என்ற முடிவுக்குச் சென்றமைதான் தவறாயிற்று. அமிலம் எல்லோர் இரைப்பையிலும் சுரக்கின்றது. எனின், ஏன் சிலருக்கு மட்டும் புண் உண்டாகின்றது? இவ்வினாவுக்கு விடையாகவே மனம் கொண்டுவரப்பட்டது. சிக்காகோவில் உளப்பகுப்பாய்வு முறையைப் பின்பற்றிய பிரான்ஸ் அலெக்சாந்தர், பிறரைச் சார்ந்திருக்கும் விருப்பத்திற்கும் அதனை மறுக்கும் மனத்திற்கும் இடையிலான முரண்பாட்டின் வெளிப்பாடாகக் குடற்புண்ணை விளக்கினார். உயர்பதவி வகிப்போரின் ஓய்வற்ற வாழ்வே புண்ணுக்குக் காரணம் என்ற எண்ணமும் பொதுமக்களிடையே பரவியது.

சிகிச்சையும் இக்கோட்பாட்டின் வழியே சென்றது. பாலும் சுவையற்ற உணவும் விதிக்கப்பட்டன. இரைப்பையின் ஒரு பகுதி வெட்டி அகற்றப்பட்டது. 1940களிலிருந்து அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பும் வெட்டப்பட்டது. 1976 ஆம் ஆண்டில் சிமெற்றிடீன் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பை அது திறம்படக் குறைத்தது. அதன்பின் சத்திரசிகிச்சைகளின் தேவை வெகுவாகக் குறைந்தது என்பதை மறுத்தல் நியாயமன்று. அதனை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ஆயின் மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்குப் புண் மீண்டுவந்தது. நோயைத் தணித்து, ஆனால் தீர்க்காது, ஆண்டாண்டுதோறும் வாங்கப்படவேண்டிய ஒரு பண்டமாக அது அமைந்தது. ஆண்டொன்றில் நூறு கோடி டொலருக்கு மேல் விற்பனையான முதல் மருந்தாகச் சிமெற்றிடீன் குறிப்பிடப்படுவது இவ்விடத்திற் கருதத்தக்கது.

கண்டும் காணப்படாத பற்றீரியா

இரைப்பையிற் பற்றீரியா உண்டென்பது 1982 இல் முதன்முதலாக அறியப்பட்ட செய்தியன்று. இத்தாலிய விஞ்ஞானி பிற்சொசெரோ 1893 ஆம் ஆண்டிலேயே நாய்களின் இரைப்பையிற் சுருளி வடிவ நுண்ணங்கிகளைக் கண்டு விவரித்தார். 1899 இல் போலந்து மருத்துவரான யாவோர்ஸ்கி மனித இரைப்பைக் கழுவலில் அவற்றைக் கண்டார். 1940 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பிரீட்பேர்க், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட இரைப்பைகளுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவற்றில் அவற்றைக் கண்டார்.

எனினும் 1954 ஆம் ஆண்டில் பாமர் என்னும் அமெரிக்க மருத்துவர், ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடமிருந்து எடுத்த இழையத் துணுக்குகளை ஆராய்ந்து, எதிலும் சுருளி நுண்ணங்கிகளைக் காணவில்லை என அறிவித்தார். அவர் பயன்படுத்திய வழமையான சாயம் அவற்றைத் தெளிவாகக் காட்டவல்லதன்று. ஆயினும் அவரது ஆய்வின் பருமன் காரணமாக அம்முடிவே நிலைபெற்றது. அமிலம் நிறைந்த இரைப்பை கிருமியற்றது என்பது பாடநூல்களின் கூற்றாயிற்று. எவரேனும் பற்றீரியாவைக் காணின், அது உணவுடன் வந்த மாசு என்றோ, இறந்தபின் புகுந்தது என்றோ விலக்கப்பட்டது.

கிரேக்க நாட்டின் மெசொலொங்கி என்னும் சிற்றூரில் மருத்துவத்தொழில் புரிந்த ஜோன் லைக்கூடிஸ் என்பவரின் அனுபவம் இதனை இன்னும் நன்கு விளக்கும். 1958 ஆம் ஆண்டு முதல் அவர் வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கொடுத்துக் குணங்கண்டார். அவரது கட்டுரையை வெளியிட மருத்துவ இதழ் மறுத்தது. 1968 இல் ஓர் ஒழுக்காற்றுக் குழு அவருக்குத் தண்டப்பணம் விதித்தது. ஆயினும் லைக்கூடிஸ் கிருமியைக் காட்டவில்லை, கட்டுப்பாட்டுச் சோதனையும் நடத்தவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. அவரது மருந்து சரியானதாயிருப்பினும் அதனைப் பிறர் ஏற்பதற்குரிய சான்று அவரிடம் இருக்கவில்லை.

பேர்த் நகர ஆய்வு

1979 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், றோயல் பேர்த் மருத்துவமனையின் நோயியலாளர் றொபின் வொறன், அழற்சியுற்ற இரைப்பையின் இழையத் துணுக்கொன்றிற் பெருந்தொகையான பற்றீரியாக்களைக் கண்டார். வெள்ளிச் சாயமேற்றியபோது அவை தெளிவாகப் புலப்பட்டன. அடுத்த ஈராண்டுகளில் அவர் ஒன்றைத் திரும்பத் திரும்ப அவதானித்தார். பற்றீரியா உள்ள இடத்தில் அழற்சியும் இருந்தது. மேலும், பற்றீரியாக்கள் சீதப்படலத்தின் அடியிற் கலங்களை ஒட்டி வாழ்ந்தன. எனவே அவை உணவோடு வந்த மாசாக இருத்தல் இயலாது.

1981 இல் பரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். நூறு நோயாளிகளிடமிருந்து இழையத் துணுக்குகள் பெறப்பட்டன. அவற்றிலிருந்து பற்றீரியாவை வளர்த்தெடுக்கும் முயற்சி பலமுறை தோல்வியுற்றது. வழமைப்படி இரு நாட்களில் வளர்ச்சி காணப்படாத தட்டுகள் கழிக்கப்பட்டமையே இதற்குக் காரணம். 1982 ஆம் ஆண்டின் உயிர்த்தஞாயிறு விடுமுறையின்போது தட்டுகள் சில நாட்கள் கூடுதலாக அடைகாப்பியில் இருந்துவிட்டன. ஒட்சிசன் குறைந்த சூழலில் மெதுவாகப் பெருகும் அப்பற்றீரியாவின் குடியிருப்புகள் அப்போது தோன்றின. ஆய்வின் பெறுபேறுகள் 1984 ஆம் ஆண்டு லான்செற் இதழில் வெளிவந்தன. முன்சிறுகுடற் புண் உடைய 13 பேரிடத்தும், ஒருவர் தவறாது, பற்றீரியா காணப்பட்டது.

உடனிருப்பது வேறு, காரணமாயிருப்பது வேறு. புண்பட்ட இடத்தை நாடிப் பற்றீரியா பின்னர் வந்திருக்கலாம் அன்றோ எனக் கேட்டவர்களின் வினா நியாயமானதே. இதற்கு விடைகாண 1984 இல் மார்ஷல் தமது இரைப்பை நலமாயுள்ளமையை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு, பற்றீரியா வளர்ப்பைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தியுற்றார். பத்தாம் நாளளவில் எடுத்த துணுக்கில் அழற்சியும் பற்றீரியாவும் காணப்பட்டன. இச்சோதனை பற்றிப் பெருங்கதைகள் வழங்குகின்றன. ஆயின் அது நிறுவியது இரைப்பையழற்சியை மட்டுமே, புண்ணையன்று. புண் பற்றிய உறுதியான சான்று சிகிச்சைச் சோதனைகளிலிருந்தே வந்தது. வியன்னா நகரில் நடத்தப்பட்டு 1993 இல் வெளிவந்த ஆய்வில், மீண்டும் மீண்டும் முன்சிறுகுடற் புண்ணுற்றோர் ஓராண்டு வரை அவதானிக்கப்பட்டனர். நுண்ணுயிர்க்கொல்லி பெற்றோருள் 8 சதவீதத்தினருக்கே புண் மீண்டது. போலிமருந்து பெற்றோருள் 86 சதவீதத்தினருக்கு மீண்டது. 1994 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய மாநாடு, பற்றீரியா உள்ள எல்லாப் புண் நோயாளிகளுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கவேண்டும் என முடிவு செய்தது. 2005 இல் வொறனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அமிலத்தினுள் வாழும் முறை

இப்பற்றீரியா ஏறத்தாழ மூன்று மைக்கிரோமீற்றர் நீளமுடையது, சுருளி வடிவினது. அதன் ஒரு முனையிற் சவுக்குமுளைகள் சில உள்ளன. அதன் பெயரிலுள்ள ‘பைலோரி’ என்னும் கூறு, இரைப்பை குடலோடு சேரும் வாயிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வாயிற்காவலன் என்பது அச்சொல்லின் பொருள்.

இரைப்பையின் உட்குழியில் அமிலம் மிகக் கடுமையானது. அங்கே பெரும்பாலான பற்றீரியாக்கள் விரைவில் மடியும். ஹெலிக்கோபக்ரர் பைலோரியும் அமிலத்தை விரும்பி வாழ்வதன்று. அது அமிலத்தைக் கடந்து தப்புவது. அதன் முதற் கருவி யூரியேசு என்னும் நொதியம். நிக்கலைக் கொண்ட இந்நொதியத்தை அது பேரளவில் ஆக்குகின்றது. எமது குருதியிலிருந்து இரைப்பைக்குள் வரும் யூரியாவை யூரியேசு அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கின்றது. அமோனியா அமிலத்தை நடுநிலையாக்க, பற்றீரியாவைச் சுற்றி உயிர்வாழத்தக்க ஒரு சிறு சூழல் உண்டாகின்றது. பற்றீரியாவின் மென்சவ்வில் யூரியா புகுவதற்கென ஒரு வாயில் உண்டு. வெளியே அமிலம் மிகும்போது அது திறக்கும். அமிலம் குறையும்போது அது மூடும். இவ்வாறு தன்னைத் தானே அமோனியாவால் நஞ்சூட்டிக்கொள்ளாமலும் அது காத்துக்கொள்கின்றது.

இரண்டாவது கருவி அதன் இயக்கம். சீதம் அமிலத்தன்மையிற் கூழ்போன்று இறுகியிருக்கும். அமோனியா அதன் அமிலத்தன்மையைக் குறைக்க, கூழ் இளகி நீர்மையடைகின்றது. சவுக்குமுளைகளின் உதவியால் பற்றீரியா அதனூடே நீந்தி, ஏறத்தாழ நடுநிலையான அடிப்படையை அடைகின்றது. மூன்றாவது கருவி ஒட்டும் திறன். அதன் மேற்பரப்பிலுள்ள சில புரதங்கள், கலங்களின் மேற்பரப்பிலுள்ள வெல்லக் கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. அவற்றுட் சில, குருதி வகையைத் தீர்மானிக்கும் கூறுகளோடு தொடர்புடையன. இவ்வாறு குடியேறிய பற்றீரியா, சிகிச்சை செய்யப்படாவிடின், பெரும்பாலும் ஆயுட்காலம் முழுவதும் நிலைத்திருக்கும்.

அழற்சியிலிருந்து புண்ணுக்கு

தொற்றுற்றோர் யாவரிடத்தும் இரைப்பையழற்சி உண்டாகின்றது. ஆயின் பெரும்பாலானோர் அதனை உணர்வதில்லை. உடலின் காப்புத் தொகுதி வெண்குருதிக்கலங்களை அனுப்புகின்றது. பற்றீரியாவோ சீதத்தினுட் பாதுகாப்பாக இருக்கின்றது. எதிரியை ஒழிக்க முடியாமலும் போரைக் கைவிட முடியாமலும் நீடிக்கும் இவ்வெதிர்த்தாக்கமே இழையத்தைப் பெரிதும் சேதப்படுத்துகின்றது.

எல்லா வகைப் பற்றீரியாக்களும் ஒரே கடுமையுடையன அல்ல. சில வகைகள் ‘காக்-ஏ’ என்னும் புரதத்தை ஊசிபோன்ற ஓர் அமைப்பின் மூலம் மேலணிக் கலங்களினுள் நேரே செலுத்துகின்றன. அப்புரதம் கலத்தினுள்ளே வளர்ச்சிச் செய்திகளைக் குழப்பி, கலங்களுக்கிடையிலான பிணைப்பைத் தளர்த்துகின்றது. ‘வாக்-ஏ’ என்னும் நச்சுப்புரதம் கலங்களிற் குமிழிகளைத் தோற்றுவிக்கின்றது. காக்-ஏ உடைய வகைகளாற் புண்ணும் புற்றுநோயும் உண்டாகும் வாய்ப்பு அதிகம்.

அழற்சி இரைப்பையின் எப்பகுதியில் மிகுகின்றது என்பதும் நோயின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றது. குடல்வாயை அண்டிய கீழ்ப்பகுதியில் அது மிகுமாயின், அமிலச் சுரப்பைத் தடுக்கும் சோமற்றொஸ்ரற்றின் என்னும் ஓமோன் குறைந்து, அதனைத் தூண்டும் கஸ்ரின் கூடுகின்றது. மிகையான அமிலம் முன்சிறுகுடலுக்குட் செல்ல, அங்கே புண் தோன்றுகின்றது. இரைப்பையின் உடற்பகுதியில் அழற்சி மிகுமாயின், அமிலத்தைச் சுரக்கும் கலங்களே படிப்படியாக அழிகின்றன. அமிலம் குறைகின்றது, காப்பும் நலிகின்றது. இந்நிலையில் இரைப்பைப் புண்ணும், நீண்டகாலத்திற் புற்றுநோயும் உண்டாகக்கூடும். ஒரே கிருமி அமிலத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பது முரண்போலத் தோன்றினும், அழற்சியின் இடத்தை நோக்குமிடத்து அம்முரண் நீங்கிவிடும். சுவார்ட்ஸின் கூற்றும் இங்கே பொய்யாகவில்லை. அமிலம் தொழிற்படுவதற்குரிய நிபந்தனைகளைப் பற்றீரியா தோற்றுவிக்கின்றது என்பதே அதற்கு நாம் சேர்க்கவேண்டிய பகுதி.

புண் யாவும் பற்றீரியாவினால் வருவனவுமல்ல. அஸ்பிரின் போன்ற நோவுமாற்றிகள் இரைப்பைச் சுவரைக் காக்கும் புரொஸ்ரகிளாண்டின்களின் ஆக்கத்தைத் தடுப்பதாற் புண்ணை விளைவிக்கின்றன. பற்றீரியாத் தொற்று அருகிவரும் நாடுகளில் இவ்வகைப் புண்களின் பங்கு கூடிவருகின்றது.

புற்றுநோய்

கொலம்பிய நோயியலாளர் பெலாயோ கொறெயா, பற்றீரியா பற்றி எவரும் அறியுமுன்னரே, 1975 இல் இரைப்பைப் புற்றுநோயின் படிமுறையை வகுத்திருந்தார். நீடித்த அழற்சி, சுரப்பிகள் நலிதல், இரைப்பை மேலணி குடல் மேலணியின் தன்மையைப் பெறல், கலங்களின் ஒழுங்கு குலைதல், புற்றுநோய் என அது பல்லாண்டுகளிற் செல்கின்றது. அப்படிமுறையின் முதற்படியைத் தொடக்கிவைப்பது யாதென்பதற்குப் பற்றீரியா விடையளித்தது. 1994 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதனை மனிதரிற் புற்றுநோயை விளைவிக்கும் முதலாம் வகைக் காரணிகளுட் சேர்த்தது. 2001 இல் வெளிவந்த யப்பானிய ஆய்வொன்றில், சராசரியாக 7.8 ஆண்டுகள் அவதானிக்கப்பட்ட தொற்றுற்றோர் 1,246 பேருள் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் தோன்றியது. தொற்றற்ற 280 பேருள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆயினும் தொற்றுற்றோருள் மிகச் சிறு பங்கினரே புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். இதனைக் கொறெயாவின் நாட்டிலேயே காணலாம். நரிஞோ மாநிலத்தின் அந்தீஸ் மலையூரான தூகெரெசிலும், பசிபிக் கரையூரான தூமாகோவிலும் பெரும்பாலான மக்கள் தொற்றுற்றவர்களே. ஆயின் மலையூரில் இரைப்பைப் புற்றுநோய் கரையூரைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு அதிகம். உணவு வேறுபாடு இதற்கு ஒரு காரணம். மற்றொன்றை 2014 இல் வெளிவந்த ஆய்வு சுட்டியது. கரையூர் மக்கள் பெரும்பாலும் ஆபிரிக்க வழியினர்; அவர்களது பற்றீரியாவும் அவ்வழியினதே. மலையூர் மக்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பழங்குடி வழியினர். அவர்களது பற்றீரியாவோ பெருமளவிற்குக் குடியேற்றத்தோடு கடல்கடந்து வந்தது. மனிதனும் நுண்ணங்கியும் நெடுங்காலம் ஒருங்கே வாழ்ந்து இசைவாக்கம் பெற்ற இடத்தில் நோய் மென்மையாகவும், அவ்விசைவு குலைந்த இடத்திற் கடுமையாகவும் இருத்தலைக் காண்கிறோம். இப்பற்றீரியா ஏறத்தாழ 58,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து மனிதரோடு புறப்பட்டது என 2007 இல் வெளிவந்த பரம்பரையலகு ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே அமெரிக்கக் கண்டத்தின் மீதான ஐரோப்பிய ஆதிக்கம் நிலத்தை மட்டுமன்றி, இரைப்பையின் உயிரியலையும் மாற்றியது எனலாம். இந்தியாவிலும் தொற்று மிகுதி. எனினும் இரைப்பைப் புற்றுநோய் பொதுவாகக் குறைவு. ஆயின் வடகிழக்கிலுள்ள மிசோரமில் அது மிக அதிகம். கிருமியை மட்டுங்கொண்டு இவ்வேறுபாடுகளை விளக்கல் இயலாது.

கிருமியும் சமூகமும்

பற்றீரியா பெரும்பாலும் இளம்பிராயத்திலே, குடும்பத்தினுள், வாய்வழியாகவும் மலமாசு வழியாகவும் தொற்றுகின்றது. நெருக்கமான குடியிருப்பு, ஒரே படுக்கையிற் பலர் துயிலல், தூயநீரின்மை, மலசலகூட வசதியின்மை என்பன அதனைப் பரப்பும் நிபந்தனைகள். எந்நாட்டிலும் வறியோரிடையே தொற்று மிகுந்தும் வசதிபடைத்தோரிடையே குறைந்தும் காணப்படுகின்றது. நிர்வாகிகளின் நோய் எனப் பேசப்பட்டதன் கிருமி, உண்மையில் நெருக்கமான குடிசைகளிலும் ஓரறை வீடுகளிலுமே பெருகியது.

இவ்விடத்தில் 1962 இல் மேர்வின் சசரும் சீனா ஸ்ரைனும் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது. தென்னாபிரிக்காவின் இனவொதுக்கலை எதிர்த்து நாடு நீங்கிய இவ்விருவரும், பிரித்தானியாவின் இறப்புப் புள்ளிவிபரங்களை ஆராய்ந்தனர். புண்ணால் இறக்கும் வாய்ப்பு ஒருவரது வயதைவிட அவர் பிறந்த காலப்பகுதியையே தொடர்ந்து செல்வதைக் கண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிற் பிறந்தோர் அந்நோயை வாழ்நாள் முழுவதும் சுமந்து சென்றனர். பின் பிறந்தோரிடம் அது படிப்படியாகக் குறைந்தது. கிருமியை அறியாத அவர்கள் தொழில்மயமாக்கத்தின் ஆரம்பகால நெருக்கடிகளைக் காரணமாகக் கருதினர். குழந்தைப் பருவத்திற் பெற்ற தொற்று ஆயுள்வரை நீடிப்பது தெரிந்தபின் அவர்களது அவதானிப்பு முழுமையான விளக்கம் பெற்றது. நோயின் வரலாற்றுத் தடத்தைச் சமூக ஆய்வாளர் நுணுக்குக்காட்டிக்கு முன்னரே கண்டுவிட்டனர் என்பது எமது கவனத்துக்குரியது.

இனி, மனவழுத்தம் பற்றிய பழைய கருத்தை முற்றாக விலக்கலாமா? 1995 ஆம் ஆண்டு யப்பானின் கோபே நகர்ப்பகுதியில் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தின்பின், குருதிகசியும் இரைப்பைப் புண்கள், சிறப்பாக முதியோரிடையே, கூடின. டென்மார்க்கில் 3,379 பேரைத் தொடர்ந்து அவதானித்து 2015 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பற்றீரியா இருப்பினும் இல்லாவிடினும் மனவழுத்தம் புண்ணின் வாய்ப்பைக் கூட்டுவதைக் காட்டியது. ஆகவே மனவழுத்தம் பொய்யன்று. அதனை நோயாளியின் சுபாவமாகக் கொண்டதே பிழை. வீடிழத்தல், தொழிலிழத்தல், இடம்பெயர்தல் என்பன மனிதரின் குணக்குறைகள் அல்ல. அவை அவர்கள் வாழும் உலகின் நிலைமைகளே.

சிகிச்சையும் அதன் எல்லைகளும்

யூரியேசின் தொழிற்பாட்டைக்கொண்டே தொற்றை அறியலாம். அடையாளமிடப்பட்ட காபனைக் கொண்ட யூரியாவைக் குடிக்கச்செய்து, மூச்சில் வெளிவரும் காபனீரொட்சைட்டில் அக்காபன் உண்டா எனச் சோதிப்பர். மலச்சோதனையும் இழையச் சோதனையும் ஏனைய வழிகள். அமிலத்தைக் குறைக்கும் ஒரு மருந்தும் இரண்டு அல்லது மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகளும், சில வேளைகளிற் பிசுமதும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாட்கள் கொடுக்கப்படுகின்றன. ஆயுள் முழுவதும் நீடித்த நோய் இவ்விரு வாரச் சிகிச்சையால் தீர்வதே பேர்த் ஆய்வின் பெரும் பயன்.

சமூகம் தழுவிய முயற்சிகளும் பயனளித்துள்ளன. தாய்வானுக்குரிய மட்சு தீவுகளில் 2004 முதல் மக்கள் அனைவரையும் நோக்கிச் சோதனையும் சிகிச்சையும் மேற்கொள்ளப்பட்டன. தொற்று 64 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. புதிதாகத் தோன்றும் இரைப்பைப் புற்றுநோய், 2018 வரையிலான காலத்தில், முன்னைய நிலையோடு ஒப்பிடுகையில் 53 சதவீதத்தாற் குறைந்தது.

எனினும் எல்லைகள் உள. வயிற்றெரிவு யாவும் இத்தொற்றினால் வருவதன்று. சோதியாது மருந்துண்பது தகாது. நோவுமாற்றிகளையும் நுண்ணுயிர்க்கொல்லிகளையும் கடைகளில் தாமே வாங்கி அரைகுறையாக உட்கொள்ளும் வழக்கம், முன்னையது புண்ணையும் பின்னையது மருந்துக்குப் பணியாத பற்றீரியாவையும் வளர்க்கின்றது. கிளரித்திரோமைசினுக்குப் பணியாத ஹெலிக்கோபக்ரர் பைலோரியை உலக சுகாதார நிறுவனம் 2017 இல் புதிய மருந்துகள் அவசரமாகத் தேவைப்படும் பற்றீரியாக்களின் பட்டியலிற் சேர்த்தது. குருதி கலந்த வாந்தி, கரியநிற மலம், காரணமற்ற உடல்மெலிவு, விழுங்கற் கடினம் என்பன தோன்றின் அமிலமாற்றிகளை விழுங்கிக் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து நாம் பெறத்தக்க முடிவு பின்வருமாறு. இரைப்பை நோய்க்கு நோயாளியின் சுபாவத்தைக் காரணங்காட்டிய கோட்பாடு, அறியாமையை மறைத்ததோடு நோயின் சமூக வேர்களையும் மறைத்தது. பற்றீரியாவின் கண்டுபிடிப்பு அம்மறைப்பை நீக்கியது. ஆயின் பற்றீரியாவே முழுக்காரணம் எனக் கொள்வோமாயின், ஓர் ஒருதலை நோக்கிலிருந்து மற்றொன்றுக்கே நாம் செல்வோம். பற்றீரியா, அதன் வகை, அதனைத் தாங்கும் உடல், உணவு, மருந்து, வாழ்விடம் என்பன ஒன்றையொன்று பாதிக்கும் ஒரு முழுமையாகவே நோய் அமைகின்றது.

வளர்ச்சியடைந்த நாடுகளில் இத்தொற்று குறையத் தொடங்கியது 1982 இன் பின்னரன்று. வீடுகளும் நீர்விநியோகமும் கழிவகற்றலும் சீர்பெற்ற தலைமுறைகளிலேயே அது குறையத் தொடங்கிவிட்டது. எனவே நோயுற்றவருக்கு இரு வாரச் சிகிச்சையைக் கிடைக்கச் செய்வதும், இனிப் பிறப்போருக்குத் தூயநீரையும் இடநெருக்கமற்ற வீட்டையும் கிடைக்கச் செய்வதும் ஒரே பணியின் இரு கூறுகளாகும். முன்னையதை மருத்துவத்துறை செய்யலாம். பின்னையது மருத்துவத்துறையால் மட்டும் செய்யத்தக்கதன்று என்பதே எமது கருத்தாகும்.